விருதுக்கு ஓர் உயிர் குறைவு

பூங்கோதை கால்வாயில் குதித்தபோது அந்த ஆளின் கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கரையேற்றி, முதுகில் ஓங்கித் தட்டினாள். அவன் பாதிக் கால்வாயைக் கக்கினான்.

“குறைந்திருந்த ஓர் உயிரும் சேர்ந்தது,” என்றது அவள் தலைக்கவசம். தேசிய மீட்பர் விருதுக்கு அதுதான் நடுவர். கார்களும் கட்டடங்களும் தாமாகவே ஜாக்கிரதையாகிவிட்ட பின், ஆபத்தில் சிக்குகிற ஆள் கிடைப்பதே பெரும்பாடு. இன்று கடைசி நாள். தவறினால் விருது, போட்டியில் இருக்கும் கும்பகோணத்துக்காரிக்குப் போய்விடும்.

“இவர் உங்களுக்கு உறவா? உறவென்றால் கணக்கில் வராது.”

“முன்னப்பின்ன பார்த்ததில்ல,” என்றாள் பூங்கோதை.

“நீங்கள் எப்படி விழுந்தீர்கள்?” கவசம் அவனைக் கேட்டது.

“கால் வழுக்கிருச்சுங்க. அம்மா தெய்வம் மாதிரி வந்தாங்க.” பூங்கோதையைப் பார்த்துப் பயபக்தியோடு கும்பிட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. விருது உறுதி என்று அறிவித்துவிட்டுக் கவசம் அணைந்தது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஏன்டி, இடுப்பளவு தண்ணிதான்னு சொல்லித்தானே குதிக்கச் சொன்ன? எனக்கு நீச்சல் தெரியாதுன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேன்ல?”