மஞ்சள் குடைகள்

“பையத் தொறங்க டீச்சர்,” என்றார் தாளாளர்.

கார்த்திகா திறக்கவில்லை. சாப்பாட்டுப் பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலத் துணியில் குட்டிக் குட்டியாய் மஞ்சள் குடைகள் போட்ட பை. அதன் முன்பக்கம் சட்டைப் பாக்கெட் ஒன்று. ரயில் சீசன் டிக்கெட்டின் முனை அதிலிருந்து எட்டிப்பார்த்தது.

“கேட்டா முழிக்குது பாரு சார்.” ஆயா பொன்னியம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். “இந்தக் கண்ணால பாத்தேன். கொரங்கு பொம்மைய எடுத்து லபக்குனு பைக்குள்ள போட்டுகினு கெளம்புது. தானமா வந்த பொருள் சார் அது.”

தாளாளர் ஜோசப்ராஜுக்குத் தலை வலித்தது. நெமிலிச்சேரியில் வாடகை வீடு ஒன்றில் நடத்துகிற நர்சரி. திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ஆசிரியர் பட்டியல் மேசைமேல் கிடந்தது. கார்த்திகாவின் பெயருக்கு நேரே ‘அனுபவம்’ என்ற கட்டம் மட்டும் காலி.

ஜூனில் வேலை கேட்டு வந்தபோது, அம்பத்தூரில் ஒரு பள்ளியில் ஐந்து வருடம் பார்த்ததாகச் சொன்னாள். சான்றிதழ் கேட்டார். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முன்கூட்டிச் சொல்லாமல் நின்றுவிட்டதால் தர மறுக்கிறார்கள் என்றாள். ஏப்ரலில் அவன் போய்ச் சேர்ந்ததையும் அதே குரலில் சொன்னாள்.

இந்த மாதிரிக் கதைகள் நிறையக் கேட்டவர் அவர். இருந்தாலும் மனசு கேட்காமல் சேர்த்துக்கொண்டார், புதிதாக வருகிறவர்களுக்கான சம்பளத்தில். மூன்று மாதமாக “கேட்டிருக்கேன் சார்” என்ற ஒரே பதில். இன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தாள் வரவில்லையென்றால் இனி வர வேண்டாம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

வகுப்பும் அப்படித்தான் போனது. எல்.கே.ஜி. அறையில் ஒரு கரும்பலகையும் பாதி சாக்பீஸும்தான். இருபத்திரண்டு பிள்ளைகளும் முறைவைத்து அழுதன. கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போனது.

போன வாரம்தான் அந்தப் பெட்டி வந்தது. பெரிய பள்ளி ஒன்றில் வகுப்புக்கு வகுப்பு டிஜிட்டல் திரை மாட்டிவிட்டார்களாம். பழைய சாமான்களைக் கட்டி நன்கொடையாக அனுப்பிவிட்டார்கள். துணியில் தைத்த எழுத்துகள், தடவிப் பார்க்க உப்புத்தாளில் வெட்டிய எண்கள், கையில் மாட்டுகிற பொம்மைகள்.

மறுநாளே அறை அடங்கியது. கார்த்திகா குரங்கைக் கையில் மாட்டி, எண்களைத் தப்புத் தப்பாய்ச் சொல்ல வைத்தாள். நேற்றுவரை அழுத பிள்ளைகள் எழுந்து நின்று அதைத் திருத்தின. ஜன்னல் வழியே பார்த்த ஜோசப்ராஜுக்கு எரிச்சல்தான் வந்தது. பொம்மை வந்தால்தான் பாடம் நடத்துவாளா?

“இத செஞ்சாங்க பாருங்க, அவங்கதான் டீச்சர். பாத்துக் கத்துக்கோங்க,” என்றார் அன்று.

“சரிங்க சார்,” என்றாள். அவ்வளவுதான்.

இப்போதும் அதே குரல்தான். “மத்தியானம் ரெண்டு பேர் இழுத்ததுல கை பிஞ்சிருச்சு சார். வீட்ல தச்சு எடுத்துட்டு வரலாம்னு...”

“எப்போ? திங்கக்கிழமை நீங்க வரப்போறதே இல்லையே.”

“நாளைக்கு ஸ்டேஷன் பக்கத்துல பொன்னியம்மா வீட்டுல குடுத்துடுவேன் சார். குரங்கு இல்லன்னா ஏழுக்கு மேல யாரும் எண்ண மாட்டாங்க.”

“ஐய, இதுல என்னை ஏன் இஸ்க்குறே?” என்றாள் பொன்னியம்மா.

ஜோசப்ராஜ் பொறுமை இழந்து பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ் உருண்டது. ஊசி குத்திய நூல்கண்டு. கடைசியில் குரங்கு விழுந்தது. ஒரு கை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொன்னியம்மா குனிந்து பார்த்தாள். “அநியாயத்தப் பாரு சார்! கொரங்கு சட்டையும் இதோட பையும் ஒரே துணி. பெட்டில இருந்த துணியையும் சுருட்டி பை தச்சுகிச்சு!”

ஜோசப்ராஜ் குரங்கை எடுத்தார். நீலச் சட்டை, அதிலும் மஞ்சள் குடைகள். வருடக்கணக்கில் பிள்ளைகளின் கை பட்டு வெளுத்துப்போயிருந்தது.

பெட்டி வந்தது போன வாரம். இந்தப் பை ஜூன் மாதம் முதல் நாளிலிருந்து அவள் தோளில் தொங்குகிறது.

“இது ஏது டீச்சர் துணி?”

“அவரோட சட்டை சார். தீபாவளிக்கு நான்தான் எடுத்தேன். கம்பெனில கலாய்ச்சாங்கன்னு ஒரே நாள்தான் போட்டாரு. சட்டைக் கை ரெண்டும் அம்பத்தூர் ஸ்கூல்ல குரங்குக்குப் போச்சு. மிச்சம் பை.”

“போன வாரமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?” அவருக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

“சொன்னா, அதுக்கும் சர்டிஃபிகேட் கேப்பீங்க சார்.”

ஜோசப்ராஜ் பேனாவை எடுத்தார். பட்டியலை இழுத்து, காலிக் கட்டத்தில் ‘5 வருடம்’ என்று எழுதினார். குரங்கையும் நூல்கண்டையும் பைக்குள் அவரே எடுத்து வைத்தார்.

“வழிய விடு பொன்னியம்மா. டீச்சரோட சர்டிஃபிகேட் வந்து ஒரு வாரம் ஆச்சு.”