வெளிச்சம் எட்டும் ஆழம்

ஆரியங்கோட்டில், கல்லுடைப்பதை நிறுத்தி வெகுநாளான பாறைக்குழியின் விளிம்பில் ஜீனா குந்தியிருக்கிறாள். நீர்நிலைகளை ஆராயும் மாணவி அவள். உச்சி வெயிலில் தண்ணீர் கரும்பச்சையாய்க் கிடக்கிறது. உதிர்ந்த ரப்பர் இலைகள் அதன்மேல் அசையாமல் மிதக்கின்றன. கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தகட்டை மீட்டருக்கொரு முடிச்சிட்ட கயிற்றில் அவள் மெல்ல இறக்குகிறாள், வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறதென்று பார்க்க. தகடு மங்குகிறது, பச்சையாகிறது, பிறகு கண்ணுக்கு மறைகிறது. ஒன்றே முக்கால் மீட்டர் என்று குறித்துக்கொள்கிறாள். பக்கத்தில் சௌதாமினி நிற்கிறாள். போன வருடம் இங்கே குளிக்க இறங்கிய அவள் மகன் லிஜினை மூன்றாம் நாள்தான் அடியிலிருந்து எடுத்தார்கள். “அடி வரைக்கும் வெளிச்சம் உண்டா மக்கா?” என்கிறாள். ஜீனாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இல்ல மாமி. மேல கொஞ்சம்தான் உண்டு.” ஒரு மீன்கொத்தி கத்திவிட்டுப் பறக்கிறது. “அப்போ மூணு நாளும் இருட்டிலயாக்கும் கெடந்தான்.” சௌதாமினி பாறையில் மண்டியிட்டுக் கையை நீட்டுகிறாள். “கயிற இஞ்ச தா.” முடிச்சுகள் அவள் ஈர விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாக நழுவுகின்றன. ஒன்பதாவது முடிச்சுக்கு அப்பால் தகடு அடியைத் தொட, கயிறு தளர்கிறது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, உறங்கும் பிள்ளையைத் தொடுவதுபோலக் கயிற்றை லேசாகத் தூக்கி மறுபடி தாழ்த்துகிறாள். “பாறை இல்ல மக்கா,” என்கிறாள், முகம் தண்ணீரை ஒட்டியிருக்க. “அடி மெத்துண்ணு இருக்கு.”