பொட்டுக்குக் கீழே

பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை உண்டு. ஆயில் கசிந்தால் மிதவை இறங்கும்; ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். எவ்வளவு எளிய, அழகான ஏற்பாடு. பழைய கார் வாங்கிய மருதாசலத்துக்கு மூன்று முறை விளக்கிவிட்டேன். கசிவை அடைக்க அவர் விடவில்லை. இன்று மலைமேல் கல்யாணத்துக்குப் போகும் வழியில் காற்றடிக்க என் பட்டறைக்கு வந்தார். விளக்கின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

“வைத்தியம் நீங்களே பாத்துட்டீங்களாட்ட இருக்குது?”

“உங்களவிட நல்லாவே பாத்துட்டனுங்க. லைட்டே தெரியறதில்ல.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தமயந்தி, கண்ணாடியில் தன் வெறும் நெற்றியைப் பார்த்தார். எட்டிப் பொட்டை உரித்து ஒட்டிக்கொண்டார்.

“ஏனுங் தம்பி, இது எதுக்குச் செவப்பா எரியுது?”

மருதாசலம் கியரைப் போட்டார். நான் மிதவையிலிருந்து தொடங்கினேன். மலை இறக்கத்தில் மிதித்தால் பிரேக் பிடிக்காது என்பதற்கு வந்தபோது, தமயந்தியின் கை கதவின் கைப்பிடியில் இருந்தது.