நெற்றிப்பொட்டு

மருதப்பன் சேர்த்து வைத்திருந்தவை எல்லாம், சுட்டவுடன் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி உலகத்துக்குப் புதுசாக இருந்த காலத்தவை. ஆனால் வீட்டில் ஒரு தோட்டாகூடக் கிடையாது. அதில் அவருக்குத் தனிப் பெருமை. ஆயுத பூசையன்று எல்லாவற்றையும் பட்டுத்துணியில் பரப்புவார். இருப்பதிலேயே அபூர்வமானதை எடுத்து, பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டியைக் கழற்றி வந்தவர்களுக்குக் காட்டிவிட்டு, குழலைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுப்பார். டக்கென்று சத்தம் மட்டும் வரும். மனைவி வடிவு வருஷாவருஷம் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

இந்த வருஷம் அவள் மூடவில்லை. குழலின் குளிர்ச்சி பொட்டில் பட்ட பிறகுதான் மருதப்பன் அதைக் கவனித்தார். விரல் விசையில் தயங்கியது.

"பெட்டியக் கழத்தினா மட்டும் போதாது, அண்ணாச்சி. குழலுக்குள்ள ஒண்ணு தங்கியிருக்கும். மேல்பாகத்த ஒருதரம் பின்னால இழுத்துப் பாத்துருங்க," என்றார் விருந்தாளி இருதயராஜ். அவரும் துப்பாக்கி சேர்ப்பவர்தான்.

மருதப்பன் கையை இறக்கி இழுத்தார். பளபளவென்று புதுத் தோட்டா ஒன்று துள்ளி விழுந்து, உருண்டு, வடிவின் காலடியில் போய் நின்றது. துப்பாக்கி அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று அவர் அரைஞாணில், இன்னொன்று அவள் இடுப்பில்.

வடிவு குனிந்து அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, துப்பாக்கிகளோடு வரிசையில் நிறுத்தினாள்.

"இதுவும் ஆயுதந்தான," என்றாள் யாரையும் பார்க்காமல்.

விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோனவள், அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் அவள் இடுப்புச் சாவியில் இருந்தது. விரல் அந்தரத்திலேயே நின்றது.