பொன்விழாப் பந்து

பல்கலைக்கழக டென்னிஸ் கழகத்தின் பொன்விழாவுக்கென்று ஒரு புதுப் பந்து வாங்கினார்கள். டப்பாவை விட்டு வெளியே வந்ததுமே அது வலையிடம் கேட்டது: "என்னை எப்போ அடிப்பாங்க? நாளாக ஆக காத்து இறங்கிடுமே!"

நடுவில் கிழிந்து தொங்கிய வலை சொன்னது: "முதல்ல தலைவர் தேர்தல். அப்புறம் செயலாளர் தேர்தல். அப்புறம் தோத்தவங்களுக்கெல்லாம் துணைத்தலைவர் பதவி. ஏம்ப்பா பறக்கறே?"

"விளையாடறவங்க எங்கே?"

"இருந்தாங்க. நல்லா ஆடினாங்கன்னு எல்லாரையும் கமிட்டியில போட்டுட்டாங்க."

விழா நாளில் ஆடுகளத்தை அடைத்துப் பந்தல் போட்டார்கள். வலையை அவிழ்த்துவிட்டு அந்தக் கம்பங்களில் வாழைமரம் கட்டினார்கள். செயலாளர் பந்தைக் கையில் எடுத்தார்.

"பாத்தியா, என் முறை வந்தாச்சு!" என்று கத்தியது பந்து.

அவர் அதை அமுக்கிப் பார்த்தார். பிளேடால் கீறினார். தலைவருடைய நாற்காலி ஆடாமலிருக்க, அதன் குட்டைக் காலில் மாட்டினார். தலைவர் அதில் அமர்ந்தபடியே, கழகத்தின் ஐம்பதாண்டு விளையாட்டுச் சேவையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்.

மூலையில் சுருண்டு கிடந்த வலைக்கு மனசு கேட்கவில்லை. "ரொம்ப வலிக்குதாப்பா?" என்றது.

நாற்காலிக்கு அடியிலிருந்து நசுங்கிய குரலில் பதில் வந்தது:

"மரியாதையாப் பேசு. நான் இப்போ கமிட்டியில இருக்கேன்."