ஒரு ஆணிகூட விழவில்லை

"கழுத்துவரைக்கும் போதாது. முகத்தையும் மூடிடு," என்றார் தலைவர்.

மனைவி வெள்ளைத் துணியை மேலே இழுத்தாள். "கண்ணைத் திறந்து முறைச்சுக்கிட்டே இருக்கே. பார்க்கவே பாவமா இருக்குங்க."

"பாவம் பார்க்கிற நேரமா இது? கயித்தை எடு."

மூடப்பட்டது தலைவரின் மார்பளவுச் சிலை. ஓய்வு பெற்ற அன்று அலுவலக நண்பர்கள் அன்போடு அளித்தது என்று பீடத்தில் பொறித்திருந்தது. செய்யச் சொன்னதும் பொறிக்கச் சொன்னதும் அவரேதான்.

இன்று அவர் வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரிக்கும் நாள்.

சில மாதங்களுக்கு முன் பல் டாக்டர் வீட்டில் கூரை மாற்றியபோது, சிதறிய ஆணி ஒன்று தலைவரின் கார் டயரைப் பதம் பார்த்துவிட்டது. தாம் தலைமை வகிக்கும் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத்தில் மேசையைத் தட்டித் தட்டியே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார். கூரை வேலையில் யார் வீட்டு வாசலில் ஆணி கிடந்தாலும், அந்த வீட்டுக்காரர் சங்கத்தில் எந்தப் பதவியும் வகிக்க முடியாது!

அடுத்த மழைக்கு ஒழுகியது தலைவர் வீடு.

அவர் நாற்காலியின் மேல் கண் வைத்திருந்தவர் அடுத்த வீட்டு ஆடிட்டர். அதே வயசு ஓட்டுக்கூரைக்குக் கீழே உட்கார்ந்து, நல்ல நாளுக்காகக் காத்திருந்தார்.

தலைவர் விடுவாரா? செடிகளுக்குத் தார்ப்பாய், காருக்குத் தார்ப்பாய், தண்ணீர்த் தொட்டிக்குத் தார்ப்பாய். ஜன்னல்களை டேப் போட்டு ஒட்டினார். வாசலுக்கு மேலே, கூரை விளிம்பிலிருந்து மதில்வரை மூன்று அடுக்கு இழுத்துக் கட்டியதில் வானமே மறைந்துபோனது. செல்போனில் தூசி ஏறுமென்று அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். தும்மிய மனைவியைக்கூடத் தார்ப்பாய்க்கு அளவெடுப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

கூரை மேஸ்திரிக்கு முந்தின நாளே உத்தரவு போயிருந்தது.

"என் வாசல்ல ஒரு ஆள் கால் வைக்கக் கூடாது. பின்னாடி சந்துப் பக்கமா வந்து ஏணி போட்டு ஏறுங்க. என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க."

"ஏதாவது சந்தேகம்னா யாரைக் கேக்குறது சார்?"

"என் வேலையில சந்தேகம் வராது."

காலையில் ஆடிட்டர் வந்து சேர்ந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன சார், நாய்க்குட்டியோட வாக்கிங்கா?" என்றார் தலைவர்.

"சோதனை பண்ண வந்திருக்கேன். வீட்டுக்காரி ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போயிட்டா. நான் லீவு போட்டுட்டேன். சாயங்காலம்வரைக்கும் இங்கேதான்."

"தாராளமா. செருப்பை வெளியிலேயே விட்டுட்டு வாங்க. அதுல ஆணி இருக்கும்."

சற்று நேரத்தில் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. ஓடுகள் உரசின. கட்டைகள் பெயர்ந்தன.

"எங்கேயோ எட்டத்துல கேக்குற மாதிரி இருக்கேங்க," என்றாள் மனைவி.

"மூணு அடுக்குடி! சத்தத்தையே வடிகட்டுது பாத்தியா!"

ஆடிட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டி போட்டார். தார்ப்பாய்க்குக் கீழே, காருக்கு அடியில், சிலையின் பின்புறம் என்று காந்தம் ஊர்ந்தது. புழுக்கத்தில் இருவருக்கும் சட்டை நனைந்து ஒட்டியது. மதியம் தலைவர் சாப்பிடப் போகவில்லை. எதிரியைத் தனியே விட்டால் பையிலிருந்தே ஒரு ஆணியைப் போட்டுவிடுவார்.

திடீரென்று 'டிக்' என்றது காந்தம்.

"மாட்டிக்கிச்சு!" ஆடிட்டர் துள்ளி எழுந்தார். மூன்று தேர்தல் வென்ற நாற்காலி தலைவரின் கண்ணெதிரே ஆடியது.

மனைவி குனிந்து பார்த்தாள். "அட, இது என் கொண்டை ஊசி! எத்தனை நாளா தேடுறேன்." எடுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

பொழுது சாயும் நேரம். சந்துப் பக்கமிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "சார்! பழசைப் பூரா பிரிச்சாச்சு! நாளைக்கு வந்து புதுசு போடுறோம்!"

"சபாஷ்! அப்படியே கிளம்புங்க!" என்று தார்ப்பாயைப் பார்த்துக் கத்தினார் தலைவர்.

பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பி, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டார். "என்ன சார்? சொல்லுங்க."

ஆடிட்டர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார். "ஒத்துக்கறேன். ஒரு ஆணிகூட இல்ல."

"தூசி?"

"அதுவும் இல்ல."

"தேர்தல்?"

"உங்களை எதிர்த்து நிக்க மாட்டேன். போதுமா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். கேட்க ஒரே ஒரு ஆள்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே. "ஒரு வீட்டை எப்படிப் பாதுகாக்கணும்னு இன்னைக்கு இந்தத் தெருவே..."

பேச்சு பாதியில் நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய ஆடிட்டர் மனைவியின் அலறல், மதிலைத் தாண்டி, மூன்று அடுக்கையும் துளைத்துக்கொண்டு வந்தது.

"என்னங்க! நம்ம வாசல் பூரா ஆணி... மேல பார்த்தா கூரையைக் காணோம்!"