வேலியோரச் சோளம்

ரத்தினவேல் காய்ந்த சோளத்தட்டையை அள்ளித் தன் ஆடுகளுக்கு உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி வந்து நின்றாள்.

தலை மொட்டை. பூசிய சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

அவன் தட்டையைக் கீழே போட்டுவிட்டு வேலியருகே வந்தான்.

செல்லக்கிளி, செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி. டவுனில், பாலக்கரைச் சந்துக்குள் பிறந்து வளர்ந்தவள். அண்ணனுக்குப் பிறகு அவள் பிழைப்பே மூன்று செம்மறி ஆடுகள்தான். போன செவ்வாய்க்கிழமை மூன்றும் ஒரு நாழிகைக்குள் நுரை தள்ளிச் செத்தன.

அந்த ஐம்பத்திரண்டாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. முழங்கால் உயரத்திலேயே வாடி நின்ற சோளத்தை ரத்தினவேல் அறுத்துக் காயப்போட்டான். நன்றாகக் காய்ந்தால் அது தீவனம். வாடல் பச்சையாகத் தின்றால் நஞ்சு. கொள்ளிடத்துக்கு வடக்கே மானாவாரி வெள்ளாமை செய்கிற எவனுக்கும் இது தெரியும். பாலக்கரைக்காரிக்கு யார் சொன்னார்கள்?

காயப்போடுகிறவன் எங்கேயாவது போடத்தானே வேண்டும், வேலியோரம் போட்டேன், அவள் ஆடுகள் என்றைக்கு வேலியை மதித்தன, என்று ஐந்து நாளாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். சோறு இறங்கவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதான் தம்பி. உங்க அண்ணன் காய்ச்சல்ல கெடந்தப்ப, சமயபுரத்தாளுக்கு முடி தரேன்னு நேந்துக்கிட்டேன். அவரு போயிட்டாரேங்கற கோவத்துல குடுக்காமலே இருந்துட்டேன். அதான் ஆத்தா வேற வழியில வாங்கிட்டா."

முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைப் பார்த்ததும் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. கோழைப் பயல்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, வேலிக்கு மேலே கையை நீட்டி, அவன் நெற்றியில் அவளே திருநீறு பூசினாள்.

"உங்க ஆடுங்களையாவது விட்டு வச்சாளே, அது போதும். தெனம் விடியறதுக்குள்ள தொறந்து விடுவீங்க. அன்னிக்கு மட்டும் மத்தியானம் வரைக்கும் பட்டி சாத்தியே கெடந்துச்சு. எல்லாம் அவ செயல்தான்."

அன்று விடியற்காலையில் பட்டிப் படலை இழுத்துச் சாத்தி, வழக்கமாய் ஒன்று போடுகிற இடத்தில் இரண்டு முடிச்சுப் போட்டவன், திருநீறு கண்ணில் விழுந்தும் துடைக்காமல் நின்றான்.